தீவுக்கு ஒரு பொட்டணம் உப்பு

"அம்மா, தீவு கெடைச்சிருச்சு!"

போனில் பாதி மகளின் முகம், மீதிப் பாதி அவள் தலைக்குப் பின்னால் வட்டச் சன்னலில் ஆடும் கடல். நான் ஆனைக்கரையில், எங்கள் அடுப்படியில், தோசைக் கரண்டியோடு நிற்கிறேன். தீவு கிடைத்துவிட்டது என்று ஒரு பிள்ளை கூவினால் தாய் என்ன கேட்பாள்? "எத்தன சென்டு?" என்று கேட்டேன். எங்கள் மலையில் யாருக்காவது இடம் கிடைத்தது என்றால் முதலில் வாயில் வருவது அதுதான்.

அவள் சிரித்த சிரிப்பில் போன் கை நழுவி, கொஞ்ச நேரம் எனக்குக் கப்பலின் உள்கூரை மட்டும் தெரிந்தது.

மகள் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் நர்ஸ். அவள் ஏறி ஒன்றேகால் வருடம். பதில் ஆள் வராமல் லீவு இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அந்தக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு தீவு இருக்கிறதாம். சிங்கப்பூரில் ஏறினால் மூன்றாம் நாள் காலை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்; பகல் முழுக்க மணலிலும் தண்ணீரிலும் கிடந்துவிட்டு நாலரைக்குத் திரும்ப ஏற வேண்டும். வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாவுக்கு என்று இரண்டே இரண்டு இடம் தருகிறார்கள். கப்பலுக்குள் இருக்கும்வரை அவளுக்கு டியூட்டி, எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. தீவு நாளில் மட்டும், பதினொன்றிலிருந்து மூன்று வரை, விட்டுவிடுவதாக அவளுடைய டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"நாலு மணி நேரம்மா. நீ, நான், அப்பா. மூணு பேரும் கடலுக்குள்ள நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

தோசை கருகியது. கருகட்டும். எனக்கு உள்ளங்கால் இரண்டும் அப்போதே குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டன, யாரோ அடியில் மணலை உருவுகிற மாதிரி. ஐம்பதை எட்டப்போகிற பொம்பளை, மூட்டில் வலி, கண்ணில் வெள்ளெழுத்து. ஆனாலும் அடுப்படியில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். கரண்டியும் என்னோடு சுற்றியது.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் நாட்காட்டியைப் பார்த்தார்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் நல்ல நாள் கெட்ட நாள் யாரும் பார்ப்பதில்லை. அதில் இருப்பது சுத்து. ஏலக்காய் ஒரே நேரத்தில் பழுக்காது. ஒரே சரத்தில் அடியில் காய் பழுத்திருக்கும், நடுவில் பிஞ்சு நிற்கும், நுனியில் பூ சிரிக்கும். அதனால் நாற்பது நாளைக்கு ஒரு முறை தோட்டம் முழுக்கச் சுற்றி வந்து பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும். அதுதான் ஒரு சுத்து. கிள்ளியதை அன்றன்றைக்கே டிரையரில் ஏற்றிச் சூட்டில் உலர்த்தி இறக்க வேண்டும். ஒரு சுத்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் மட்டும் இவர் எனக்குப் புருஷன் இல்லை, டிரையருக்குப் புருஷன். மகள் பிறந்த அன்றைக்கும் காய் இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்றுவரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கோடு சேர்த்து அதையும் சொல்லிக்காட்டுகிறேன்.

"கார்த்திகை ரெண்டாவது வாரமா?" என்றார்.

"ஆமாப்பா!" போனுக்குள்ளிருந்து கத்தல்.

"அது சுத்து வாரம்." நாட்காட்டியில் வைத்த விரலை எடுக்கவில்லை. "அம்மாவ அனுப்பி வைக்கிறேன் பாப்பா. நான் இன்னொரு தடவ வாரேன்."

கப்பலில் சிரிப்பு நின்றது. "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரிப்பா'வை நான் நன்றாக அறிவேன். சின்ன வயதில் இவர் கரும்பலகை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்காமல் வரும்போதெல்லாம் இதே போலத்தான் சொல்வாள். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த ஆளை எப்படியாவது கடலுக்குள் நிறுத்தாமல் விடுவதில்லை.

என் தங்கச்சி அடுத்த வீடு. அங்கன்வாடி டீச்சர். அவளுக்குக் கப்பலில் இடம் இல்லை. இடம் இல்லாதவளுக்குத்தான் வேகம் அதிகம். சேதி கேட்ட அரை மணியில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு யானை, ஆமை வரைகிற அதே கையால் தீவு வரைந்தாள். மகள் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பார்த்து, கப்பல் நிற்கும் பாலம், மணல், குடைகள், சாப்பாட்டுக் கொட்டகை, கக்கூஸ். கக்கூஸுக்கு மட்டும் சிவப்பு மை.

"அக்கா, வெளையாட்டில்ல. ஒரு நாள்தான். காலைல எட்டுக்குக் கதவு தொறக்குறான். நீ எட்டுக்கு எறங்குற. எட்டு இருபதுக்கு நாற்காலி."

"நாற்காலி அங்கயே இருக்குமாம்டி. காசு கூட இல்லையாம்."

"இருக்கும். யாரு உக்காந்திருப்பா? அதுதான் கேள்வி. கப்பல் ஜனம் பூரா எறங்கும். நெழல்ல இருக்கற நாற்காலி மொதல்ல போயிரும். நீ என்ன பண்ற, ஓடிப்போயி துண்டு போடுற."

கம்பம் பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தே வளர்ந்தவள். சார்ட்டில் எழுதினாள்: 8.20, துண்டு. பிறகு 8.30 முதல் 10.50 வரை, கடலைப் பழகுதல். 10.50, தலை வாருதல். 11.00, பிள்ளை வரும். 11.00 முதல் 11.05 வரை, அழுகை.

"அழுகைக்கு அஞ்சு நிமிஷந்தானா?"

"நாலு மணி நேரத்துல அதுக்கு மேல குடுக்க முடியாதுக்கா. அழுதே தீத்துட்டு வந்துராத."

11.05, மூன்று பேரும் கடலுக்குள். இந்த வரியை எழுதிவிட்டு, 'மூன்று' என்ற சொல்லுக்குக் கீழே பச்சை மையில் இரண்டு கோடு போட்டாள். போட்டுவிட்டுத் தலையைத் தூக்கிச் சத்தமாகச் சொன்னாள்: "ஒருத்தர் வரமாட்டாராம். அவருக்குப் பதிலா ஏலக்காச் சாக்கு ஒண்ணத் தூக்கிட்டுப் போயி நிறுத்திக்கலாம். பேச்சு ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

என் வீட்டுக்காரர் அன்றைய செய்திப் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பேப்பர் பேசியது: "மதியத்துக்கு மேல மழை எறங்கிரும். குளிக்கறதெல்லாம் ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்."

"மச்சான், அது கடலு. நம்ம ஊரு ஐப்பசித் துலாமழை அங்க வராது."

"மழைக்கு என்ன டீச்சரு, உன் அங்கன்வாடியா, லீவு விட? பிளாஸ்டிக் தாளு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லு. ரப்பர் பூட்ஸும்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். வரமாட்டேன் என்கிற ஆள் எதற்குப் பூட்ஸ் வரைக்கும் யோசிக்கிறார்?

மறுநாள் காலை பார்த்தால் தங்கச்சியின் தீவில் பென்சில் கோடுகள். தோட்டத்தை அவர் எப்படி மேல் பிளாக்கு, நடு பிளாக்கு, ஓடைப் பிளாக்கு என்று பிரித்திருக்கிறாரோ அதே மாதிரி கடற்கரையை மூன்றாகப் பிரித்திருந்தார். ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில்: 'காத்து மேக்க இருந்து வந்தால் ரெண்டாம் பிளாக்கு.' கீழே, இன்னும் பொடியாக: 'உப்பு.'

உப்பு என்றால் கல்லுப்பு. அட்டைக்கு. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் ஐந்து நிமிடம் நின்றால் காலில் அட்டை ஏறிவிடும். அதனால் இவர் துணியில் உப்பு முடிந்து இடுப்பில் கட்டாமல் வாசல் தாண்டமாட்டார். வேப்பெண்ணெயைக் காலில் பூசி, உப்புப் பொட்டணத்தை ஒற்றி ஒற்றி நடப்பார். கடலுக்குப் போக உப்பு கேட்ட ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன்.

அப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தலை கிறுகிறுக்கிறது. வீடு வீடாகவே இல்லை. மகள் எனக்கு ஒரு நீச்சல் உடுப்பு அனுப்பியிருந்தாள், கணுக்கால் வரைக்கும் மணிக்கட்டு வரைக்கும் மூடுகிற கருநீல உடுப்பு. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். உர மூட்டைக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி இருந்தது. தங்கச்சி கட்டிலில் விழுந்து புரண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. ஒத்திகை பாத்துருவோம்" என்றாள்.

ஒத்திகைக்குக் கடல்? எங்கள் தோட்டத்து மேட்டில் படுதாக்குளம் இருக்கிறது. பெரிய பள்ளம் வெட்டி, நீலப் படுதா விரித்து, கோடைக்கு மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்போம். இந்த மலையில் எங்களுக்கு வாய்த்த சமுத்திரம் அதுதான். மூடுபனியாய் மஞ்சு இறங்கிக் குளத்தின் அக்கரை மறைந்துவிட்டால் கடல் என்றே நம்பலாம், நம்புவதற்கு மனசு இருந்தால். இருந்தது. எக்கச்சக்கமாக இருந்தது.

பத்து மணிக்கு நான் உடுப்போடு, மேலே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு, ஏலச்செடித் தட்டைகளுக்கு நடுவே மேடேறினேன். தங்கச்சி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். கரையில் போட்டாள். துண்டு போட்டாள். முகத்தில் வெயில் பசையை அப்பினாள், வெயிலே இல்லாத ஊரில். நான் படுதாவின் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். ஐஸ். கத்தினேன். அவளும் கத்தினாள், எதற்கென்று தெரியாமலே.

"ஏய்! படுதா கிழிஞ்சிரும்! எறங்காதீக!"

டிரையர் கொட்டகையிலிருந்து ஓடி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். தலையில் தொப்பி மாதிரி பிளாஸ்டிக் பை. தங்கச்சி விடவில்லை.

"மச்சான், பதினொண்ணு அஞ்சு. மூணு பேரும் தண்ணிக்குள்ள நிக்கற டயம். நான்தான் இப்ப உங்க மக. அப்பா, வாங்கப்பா!"

கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். இடுப்பில் டிரையர் சாவி தொங்கியது, அரைஞாண் கயிற்றில் கோத்தது. கல்யாணத்தன்றைக்குக்கூட அவிழ்க்காத சாவி. அதைப் பிடித்துக்கொண்டே திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

"சாவிய எங்கிட்டக் குடுத்தா சுத்த நான் பாத்துக்கறேன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்" என்றாள் தங்கச்சி, சிரிப்பு கொஞ்சம் வடிந்து.

கொடுக்கமாட்டார். பல வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு மத்தியானம் அவளிடம் டிரையரை விட்டுப்போனார். இவள் சூட்டை ஏற்றிவிட்டாள். பச்சை மின்ன இறங்க வேண்டிய காய் பழுப்பாக இறங்கியது. அன்றிலிருந்து அந்தக் கொட்டகைப் பக்கம் அவள் தும்மினால்கூட இவருக்கு ஆகாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆள் நகரமாட்டார், சரி. சுத்தை நகர்த்தினால்?

எங்கள் தோட்டத்துக்குக் காய் எடுக்கிற பெண்கள் மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வருகிறவர்கள். அவர்களைக் கூட்டிவருவது ஒரு கங்காணியம்மா, வெற்றிலை வாய், இடிச்சத்தக் குரல். என்றைக்கு எந்தத் தோட்டம் என்பது அவர் கையில். என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கங்காணியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அடுத்த சுத்துக்குச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துருங்க. காய் கொஞ்சம் இளசா இருந்தாலும் எடுத்துருவோம். இவருகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க. நீங்களா வந்த மாதிரி இருக்கட்டும்."

அந்தப் பக்கம் வெற்றிலை துப்புகிற சத்தம். "ஒரு வாரமா தாயி? சொன்ன தேதிக்கா?"

"ஆமாம்மா."

"சரி தாயி. எனக்கென்ன."

ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தால், நாங்கள் கொச்சியில் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் சுத்து முடிந்துவிடும். அவருக்குச் சாக்கு இருக்காது. எவ்வளவு எளிசு! நான் அன்றைக்கு முழுக்கப் பறந்துகொண்டிருந்தேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு காலை. இருட்டு பிரிந்து, மஞ்சு இன்னும் தரையில் படுத்திருந்த நேரம். வாசலில் ஜீப் சத்தம். ஒன்றில்லை, இரண்டு. நாட்காட்டியைப் பார்த்தேன். நான் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு முழு வாரம் இருந்தது. பூட்ஸும் இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் குதித்து இறங்குகிறார்கள். இவர் பல் விளக்குகிற வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கே வந்து நிக்கறீங்க?"

"வரச் சொன்ன நாளுக்குத்தான் வந்திருக்கேன் மொதலாளி."

"யாரு வரச் சொன்னா? அடுத்த வாரமுல்ல சொன்னேன்! வழக்கமா வர்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடின்னு..." வேப்பங்குச்சி நடுவழியில் நின்றது. என்னைப் பார்த்துவிட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். "நீங்க சொன்னீங்களா? முன்னாடி வரச் சொல்லி?"

கங்காணியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையை உதறிச் சொருகினார். "மொதலாளி போன் போட்டு ஒரு வாரம் முன்னால வா, வீட்டுல சொல்லாதன்னாரு. பத்து நா கழிச்சுத் தாயி போன் போட்டு, சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால வா, அவருகிட்டச் சொல்லாதன்னுச்சு. நான் ரெண்டையும் கூட்டிக்கிட்டேன். கேக்கலாம்னா யாருகிட்டக் கேக்க? ரெண்டு பேரும் வாயத் தச்சு விட்டுட்டீக. புருஷன் பொண்டாட்டி ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, நாங் கம்பத்துல இருந்து பஞ்சாயத்துப் பண்ணணுமா?"

ஜீப்பிலிருந்து இறங்கிய அத்தனை பெண்களும் சிரித்தார்கள். மஞ்சுக்குள் சிரிப்பு மட்டும் கேட்டது, முகம் தெரியவில்லை. தங்கச்சி சத்தம் கேட்டு ஓடி வந்தவள் விஷயம் புரிந்ததும் வேலித் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. நான் படுதாக்குளத்துக்குப் போகும் முன்பே, பூட்ஸ் எடுத்து வைக்கச் சொன்ன அந்த நாட்களிலேயே, இந்த மனுஷன் சுத்தை முன்னால் நகர்த்திவிட்டிருக்கிறார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"மழை கெடுத்துருச்சுன்னா? பிள்ளைகிட்ட வாரேன்னு சொல்லிட்டு அப்புறம் வரலன்னு சொல்லணும்ல." குச்சியைத் தூர எறிந்தார். "ஏற்கனவே ஒரு 'சரிப்பா' கேட்டாச்சு."

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. இரண்டு வாரம் முன்னால் வந்து நிற்கிற ஆட்களை என்ன செய்வது? கூடையை எடுத்துக்கொண்டு மேல் பிளாக்குக்குப் போனார். நாங்களும் ஓடினோம். குனிந்து ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காயைப் பிதுக்கினார், உள்ளே விதை கறுத்திருந்தது. வெயில் படுகிற சரிவு அது; போன சுத்தில் முதலில் எடுத்ததும் அங்கேதான். பரவாயில்லை, எடுக்கலாம். நடு பிளாக்கில் பிதுக்கினார். விதை வெள்ளை. ஓடைப் பிளாக்கைப் பார்க்கவே வேண்டாம்.

"மேல் பிளாக்க மட்டும் இப்ப எடுத்துருங்க" என்றார் கங்காணியம்மாவிடம். "மிச்சத்துக்கு அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் உடும்பஞ்சோலைப் பக்கம் வாக்குக் குடுத்துட்டேனே மொதலாளி. நீங்க வேணாம்னா வேற தோட்டம், என் பிள்ளைக சும்மா உக்காருமா? அதுக்கு அடுத்த வாரம்னா வாரேன்."

அதற்கு அடுத்த வாரம் கப்பல் வாரம்.

சுத்தை நகர்த்த இரண்டு பேர் முட்டி முட்டித் தள்ளி, அது பழையபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாதிச் சுத்துதான், ஆனால் பாதிச் சுத்துக்கும் டிரையர் முழுசாக எரிய வேண்டும். பெண்கள் வரிசையாகப் பிரிந்து தட்டைகளுக்குள் மறைந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். யாரும் சிரிக்கவில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. தன் காலில் ஏறிய அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு மச்சான், எவ்வளவு சூடுன்னு தெரியாம ஏத்தி வச்சுட்டேன். அதுக்கப்புறம் நீங்க ஏத்தும்போதெல்லாம் சன்னல்ல நின்னு பாத்திருக்கேன். எப்பக் கதவத் தொறப்பீக, எப்பக் கெளறுவீக, எல்லாம் தெரியும். நீங்கதான் கேக்கல."

அவர் தன் இடுப்பிலிருந்த உப்புப் பொட்டணத்தை அவிழ்த்துக் குனிந்து, அவள் காலில் ஒற்றினார். அட்டை சுருண்டு விழுந்தது. நிமிர்ந்தார். அப்புறம், கயிற்றில் முடிச்சு இறுகிப் போயிருந்தது போல, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"பச்ச மாறக் கூடாது டீச்சரு."

"உங்க கடல் மாறாம இருந்தாச் சரி மச்சான்."

அவ்வளவுதான். நான் அந்த ஏலக்காட்டுக்குள்ளேயே மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றினேன், இந்த முறை கரண்டி இல்லாமல். தங்கச்சி அங்கேயே மகளுக்குப் போன் போட்டாள். "ஏடி, உங்கப்பன் வாரான்டி! உன் கடலக் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லு!" அந்தப் பக்கம் வந்த கூச்சலுக்கு ஓடைப் பிளாக்கில் கொக்கு எழும்பிப் பறந்தது.

அப்புறம் தீவு.

சிங்கப்பூர்த் துறைமுகச் சோதனையில் இவர் மடியிலிருந்த பொட்டணத்தை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு சீனத்துப் பெண் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், முகர்ந்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் இரண்டு காலையும் தட்டிக்காட்டி அட்டை மாதிரி விரலை நெளித்துக் காட்டினேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் ஓடினோம். பாலத்தில் நாங்கள் இரண்டே பேர். மணலில் நூற்றுக்கணக்கில் நாற்காலி, அத்தனையும் காலி. கப்பல் ஜனம் பூரா தூங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ரெண்டாம் பிளாக்கில், நிழலில், மூன்று நாற்காலிக்குத் துண்டு போட்டேன். போட்டுவிட்டுக் காவல் வேறு நின்றேன்.

கடலைப் பழகுகிற நேரத்தில் இவர் பழகவில்லை. முதல் முறை அரைக்கால் டவுசர் போட்ட கால்கள், முட்டி வரைக்கும் வேப்பெண்ணெய் மினுமினுக்க, நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேகம் இல்லை. கப்பலை விட்டு இறங்கும் முன் தங்கச்சி அனுப்பியிருந்த படத்தைப் பக்கத்தில் துண்டு அடுக்குகிற பையனிடம்கூடக் காட்டினார்: அவள் உள்ளங்கையில் ஒரு பிடி காய், பச்சைப் பசேலென்று. "கிரீன்" என்றார் அவனிடம். "குட்" என்றான். "வெரி குட்" என்று திருத்தினார்.

பதினொன்றுக்கு இன்னும் மூன்று நிமிடம். பாலத்தில் வெள்ளை யூனிபாரம் ஒன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. தங்கச்சி கொடுத்த ஐந்து நிமிடம் போதவில்லை. சார்ட்டை மீறி, கூச்சமில்லாமல், எல்லாரும் பார்க்க அழுதோம். முதலில் தேறியது அவள்தான். "அப்பா, கால்ல என்னப்பா இது? நாத்தம்!"

"வேப்பெண்ண. தண்ணிக்குள்ள என்னென்ன கெடக்கோ."

"இடுப்புல என்ன கட்டியிருக்கீங்க?"

அவர் சொன்னார். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்து எழுந்து, ஒரு கையில் என்னையும் ஒரு கையில் அவரையும் பிடித்து இழுத்தாள். பதினொன்று அஞ்சு இல்லை, பதினொன்று இருபத்திரண்டு. மூன்று பேரும் கடலுக்குள் போனோம். முட்டி, இடுப்பு, நெஞ்சு. வெதுவெதுவென்று இருந்தது, அடுப்பில் வைத்து இறக்கிய மாதிரி. அலை தூக்கும்போதெல்லாம் இவர் எங்கள் கையை நெரித்தார், அலை இறங்கியதும் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவருக்கு இத்தனை பற்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இடுப்பில் தடவிப் பார்த்தார். சாவி இல்லாத கயிறு, அதில் முடிந்த துணி. துணிக்குள் ஒன்றுமில்லை. எல்லாம் கரைந்து போயிருந்தது.

"உப்பு போச்சு" என்றார்.

"எங்கயும் போகலப்பா" என்றாள் மகள்.

சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனது, வெயிலில் தோல் உரிந்தது, மதியம் வராத மழைக்குப் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் மேல் படுத்தது எல்லாம் நடந்தது. மூன்று ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் தலையைத் துவட்டிக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் துண்டுகளை மடிக்கத் தொடங்கினேன்.

அவர் மட்டும் எழுந்து நின்று, கடற்கரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கண்ணால் அளந்தார், தோட்டத்தை அளக்கிற மாதிரி.

"இன்னும் பத்து நிமிசம் கெடக்குல்ல?" என்றார். "வாங்க, இன்னொரு சுத்துப் போயிட்டு வருவோம்."

துண்டைப் போட்டது போட்டபடி ஓடினோம்.